டொமினிக்கன் குடியரசில் மனை வாங்குவது: அளந்து பிரிக்காத நிலம் என்னும் சிக்கல்

கரீபியன் தீவுகள் பலவற்றில் வெளிநாட்டவர் ஒரு மனை வாங்க வேண்டுமானால் முதலில் அரசிடம் உரிமம் கேட்டு நிற்க வேண்டும். ஆன்டிகுவா, கிரெனடா, செயின்ட் கிட்ஸ் மூன்றிலும் இதே கதைதான். உரிமத்துக்கென்று சொத்து மதிப்பில் ஒரு பங்கை எடுத்தும் வைக்க வேண்டும். பார்படோசில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வெளியிலிருந்து கொண்டுவந்த பணத்தை மத்திய வங்கியில் பதிந்துவைக்காவிட்டால், பின்னால் விற்ற காசை நாட்டைவிட்டு எடுத்துப் போவதில் இழுபறி. ஹிஸ்பானியோலா தீவின் கிழக்குப் பகுதியில் இருக்கும் டொமினிக்கன் குடியரசில் இவை எதுவும் கிடையாது. வெளிநாட்டவர் நிலம் வாங்க ஜனாதிபதியின் ஒப்புதல் வேண்டும் என்று 1945இல் போட்ட ஆணையை 1998இல் நீக்கிவிட்டார்கள். அடையாளத்துக்குக் கடவுச்சீட்டே போதும். கிழக்குக் கரையில் புன்தா கானாவில் அடுக்குமாடி வீடும் வாங்கலாம், வடகிழக்கே லாஸ் தெரேனாசில் தென்னந்தோப்பும் வாங்கலாம்.

கதவு இப்படித் திறந்து கிடப்பதால் வாங்குபவர்கள் விலை, கடற்கரைத் தூரம், வாடகை வருமானம் ஆகியவற்றிலேயே கவனத்தைச் செலவழிக்கிறார்கள். பணம் போவது பெரும்பாலும் வேறிடத்தில். விற்பவர் கையில் இருக்கும் தாள் ஒரு குறிப்பிட்ட நிலத்தைக் காட்டுகிறதா, ஒரு பெரிய நிலத்தில் 'இத்தனை சதுர மீட்டர் உண்டு' என்று மட்டும் சொல்கிறதா என்பதில்தான் போகிறது. மற்றதெல்லாம் பேரம் பேசித் தீர்க்கக்கூடியவை. இது அப்படித் தீராது.

பங்கு இருக்கும், இடம் இருக்காது

ஸ்பானியர் காலத்தில் மானியமாகக் கொடுத்த பெரும் மேய்ச்சல் நிலங்களை வாரிசுகள் வேலி போட்டுப் பிரித்துக்கொள்ளவில்லை. நிலம் முழுவதற்கும் ஒரு மதிப்புப் போட்டு, அதில் இத்தனை பேசோ (அங்கே புழங்கும் நாணயம்) பங்கு உனக்கு, இத்தனை எனக்கு என்று தாளில் எழுதிக்கொண்டார்கள். அந்தப் பங்கைக் கைமாற்றலாம், அடமானம் வைக்கலாம். ஆனால் எந்த மரம் யாருடையது என்று யாராலும் காட்ட முடியாது. ஆள் குறைவு, நிலம் ஏராளம் என்றிருந்தவரை இந்த ஏற்பாட்டில் குறை தெரியவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கே சர்க்கரைக் கம்பெனிகள் வந்திறங்கி நிலத்துக்கு விலை ஏறியதும், போலிப் பங்குத் தாள்கள் கட்டுக் கட்டாக முளைத்தன. உண்மையில் இருந்த நிலத்தைவிடத் தாளில் இருந்த நிலம் அதிகமாயிற்று.

1916 முதல் 1924 வரை நாட்டைக் கையில் வைத்திருந்த அமெரிக்க ராணுவ நிர்வாகம் 1920இல் டாரன்ஸ் முறையைக் கொண்டுவந்தது. தென் ஆஸ்திரேலியாவில் 1858இல் தொடங்கிய முறை அது: பத்திரங்களின் சங்கிலியைத் தேடிக்கொண்டு போக வேண்டியதில்லை, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அதற்கு அரசே பொறுப்பு. தமிழ்நாட்டில் நாம் பழகியது பத்திரப் பதிவு. அங்கே பதிவாளர் ஆவணத்தைப் பதிகிறார்; உரிமை சரியா என்பதற்கு உத்தரவாதம் தருவதில்லை. அதனால்தான் மூலப்பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று என்று முப்பது ஆண்டுக்குப் பின்னோக்கிப் போகிறோம். டொமினிக்கன் முறையில், காகித அளவிலாவது, அந்த வேலை மிச்சம். பதிந்த உரிமை காலம் கடந்தாலும் போகாது. பதிந்த நிலத்தில் ஒருவர் ஐம்பது ஆண்டு குடியிருந்தாலும் அனுபவ பாத்தியதை கேட்க முடியாது.

இவ்வளவு நல்ல முறையில் ஓட்டை எங்கே விழுந்தது? பதிவேட்டில் ஏறிய நிலத் துண்டுகள் பல மிகப் பெரியவை. அவற்றின் உரிமையாளர்கள் ஆயிரம், இரண்டாயிரம் சதுர மீட்டராக வெட்டி விற்றார்கள். ஒவ்வொரு முறையும் அளந்து புதுத் துண்டு உருவாக்கச் செலவாகும், காலமும் ஆகும். ஆகவே பதிவாளர் தாய்ச் சான்றிதழில் 'இன்னாருக்கு இதில் 1,200 சதுர மீட்டர்' என்று ஒரு குறிப்பு எழுதி, வாங்கியவர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். அதற்குக் கொன்ஸ்தான்சியா அனொதாதா என்று பெயர். முத்திரை, கையெழுத்து, பதிவு எண் எல்லாம் இருக்கும். நான்கு எல்லை இருக்காது. பழைய பங்குத் தாள் புதிய முத்திரையோடு திரும்பி வந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

இந்தத் தாளோடு வரும் தொல்லைகளை யோசித்துப் பாருங்கள். விற்பவர் உங்களைக் கூட்டிப்போய்க் காட்டுவது கடலோரத் தென்னந்தோப்பு. தாளில் இருப்பது தாய் நிலத்தில் ஏதோ ஒரு 1,200 சதுர மீட்டர். அது பின்பக்கச் சதுப்பாகவும் இருக்கலாம். அதே தோப்பைக் காட்டி இன்னொருவருக்கும் விற்றிருக்கலாம். அவரிடமும் உங்களிடம் இருப்பதைப் போன்ற செல்லுபடியான தாள் இருக்கும். எல்லாருடைய அளவையும் கூட்டினால் தாய் நிலத்தின் பரப்பைத் தாண்டிப்போவதும் உண்டு. அந்த நிலையில் கடைசியாக அளக்க வருபவருக்கு மிஞ்சுவது வழக்கு மட்டுமே.

தெஸ்லிந்தே

இதைச் சரிசெய்யத்தான் 2005இல் 108-05 எண்ணுள்ள நிலப் பதிவுச் சட்டம் வந்தது. 2007இல் நடைமுறைக்கு வந்தது. தாய் நிலத்திலிருந்து உங்கள் பகுதியை அளந்து, எல்லை நாட்டி, தனித் துண்டாகப் பிரித்து, அதற்கென்று தனிச் சான்றிதழ் வாங்கும் வேலைக்குத் தெஸ்லிந்தே என்று பெயர். நில விளம்பரத்தில் 'தெஸ்லிந்தே முடிந்தது' என்று இருந்தால் விலை கூடுவது இதனால்தான்.

வேலை மூன்று கட்டமாக நடக்கும். முதலில் அரசு அங்கீகாரம் பெற்ற நில அளவையர், அங்கே அக்ரிமென்சோர் என்பார்கள், நில அளவை இயக்குநரகத்தில் அனுமதி வாங்குகிறார். பக்கத்து நிலக்காரர்களுக்கும் தாய் நிலத்தின் மற்றப் பங்குதாரர்களுக்கும் தேதி குறித்துத் தகவல் சொல்லி, அன்றைக்குக் களத்தில் இறங்கி அளக்கிறார். செயற்கைக்கோள் ஆயத்தொலைவுகளோடு வரைபடம் தயாராகிறது. இயக்குநரகம் அதைச் சரிபார்த்து, நிலத்துக்குப் புதிதாக 12 இலக்க எண் ஒன்றைக் கொடுக்கிறது. பழைய 'இன்ன மாவட்டத்தில் இன்ன எண்' என்ற அடையாளம் போய், பூமியில் அந்த நிலம் இருக்கும் இடத்தைப் பொறுத்த எண் வருகிறது. அடுத்தது நில நீதிமன்றம்: மறுப்பவர் இருந்தால் அங்கே சொல்ல வேண்டும். தகராறு எதுவும் இல்லாதவற்றை நீதிமன்றம் போகாமலே நிர்வாக வழியில் முடிக்க 2016இல் விதி செய்தார்கள். கடைசியாகப் பதிவாளர் பழைய குறிப்பை ரத்து செய்து, உங்கள் பெயரில் தனிச் சான்றிதழ் தருகிறார்.

தடங்கல் இல்லாவிட்டால் சில மாதங்களிலிருந்து ஓராண்டு வரை ஆகலாம். பக்கத்துக்காரர் ஒருவர் எதிர்த்து மனுப் போட்டால் ஆண்டுக்கணக்கு. ஆகவே அளந்து பிரிக்காத நிலத்தை வாங்குவதென்றால், தெஸ்லிந்தேயை விற்பவர் தம் பெயரில், தம் செலவில் முடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி, பெருந்தொகையை அதுவரை நிறுத்திவைப்பதே முறை. 'பதிவு முடியட்டும், பிறகு நீங்களே பிரித்துக்கொள்ளலாம், சின்ன வேலைதான்' என்று சொல்வார்கள். சின்ன வேலையாக இருந்தால் அவரே செய்து கூடுதல் விலைக்கு விற்றிருப்பார்.

தெஸ்லிந்தே முடிந்த நிலத்திலும் ஒரு கண் வேண்டும். அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லாமல் அளந்து, வேறொருவர் அனுபவத்தில் இருக்கும் இடத்தின் மேல் வரைபடத்தைப் போட்டுவிடுவது நடக்கிற காரியம். பிறகு அந்த இன்னொருவர் நீதிமன்றம் போனால் தெஸ்லிந்தேயே ரத்தாகலாம். நல்லெண்ணத்தில் விலை கொடுத்து வாங்கிய மூன்றாமவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஆனால் வேறொருவர் வீடு கட்டிக் குடியிருக்கும் நிலத்தை, நேரில் பார்க்காமலே வாங்கிவிட்டு, நல்லெண்ணம் என்று வாதாடுவது கடினம். வாங்குபவர் தமக்கென்று ஒரு நில அளவையரை அமர்த்தி, சான்றிதழில் உள்ள ஆயத்தொலைவுகளைக் களத்தில் நின்று ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். வேலி ஒரு பக்கம், வரைபடம் ஒரு பக்கம் என்று இருப்பது அப்போதுதான் தெரியும்.

அரசு நிலத்தில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தென்மேற்கு மூலையில் பெதர்னாலெஸ் மாநிலத்து பாஹியா தெ லாஸ் ஆகிலாஸ் பெரிய உதாரணம். ஹராகுவா தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் அந்தக் கடற்கரை நிலத்தை 1990களில் நிலச் சீர்திருத்தப் பயனாளிகள் என்ற பெயரில் துண்டு துண்டாகத் தனியார் பெயருக்கு மாற்றினார்கள். முறையாகப் பதிந்த சான்றிதழ்களோடு அவை கைமாறின. வழக்கு பல ஆண்டு இழுத்து, 2014இல் நில நீதிமன்றம் அந்தச் சான்றிதழ்களை ரத்து செய்து நிலம் அரசுடையது என்றது. சான்றிதழைப் பார்த்தால் மட்டும் போதாது, அந்த உரிமை அரசிடமிருந்து முதலில் எப்படிப் பிரிந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நிலச் சீர்திருத்தத்தில் வந்த நிலம், தேசியப் பூங்காவின் எல்லையை ஒட்டிய நிலம் என்றால் விலை எவ்வளவு இறங்கினாலும் விலகிவிடுவதே என் அபிப்பிராயம்.

கையெழுத்துக்கு முன்னால்

வழக்கறிஞர் முதலில் எடுக்க வேண்டியது பதிவாளர் அலுவலகத்திலிருந்து அந்தச் சொத்தின் சட்ட நிலைச் சான்று. நம் வில்லங்கச் சான்றின் வேலையை அது செய்யும்: இன்றைய உரிமையாளர் யார், அடமானம் உண்டா, வழக்குக் குறிப்பு உண்டா, யாராவது தடை போட்டிருக்கிறார்களா. விற்பவர் காட்டும் பழைய நகல் எதற்கும் ஆகாது. தேதி புதிதாக, நேராக அலுவலகத்திலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். முன்னுரிமை ஒதுக்கீட்டோடு அந்தச் சான்றைக் கேட்கவும் சட்டத்தில் வழி உண்டு. அப்போது குறிப்பிட்ட சில நாட்களுக்கு வேறு எதுவும் அந்தச் சொத்தின் மேல் ஏறாமல் பதிவேடு பூட்டியிருக்கும்.

அடுத்தது விற்பவரின் குடும்ப நிலை. திருமணத்துக்குப் பிறகு வாங்கிய சொத்து கணவன் மனைவி இருவருக்கும் பொது. இருவரும் கையெழுத்திட வேண்டும். சான்றிதழில் 'மணமாகாதவர்' என்று பத்தாண்டுக்கு முன் எழுதியிருக்கும், இன்று நிலைமை வேறாக இருக்கும். விவாகரத்து ஆகியும் சொத்தைப் பிரித்துக்கொள்ளாத தம்பதிகள் நிறைய. பழைய மனைவியின் கையெழுத்து இல்லாமல் வாங்கினால் அவர் பாதி அவரிடமே இருக்கிறது. உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுகள் யார் யார் என்று முறைப்படி தீர்மானித்த பிறகே விற்கலாம். 'அண்ணன் தம்பிகள் எல்லாரும் சம்மதம்' என்ற வாய்ச்சொல்லுக்குப் பதிவேட்டில் இடமில்லை.

கடலோர நிலத்தில் இன்னொரு கணக்கு. உயர் அலைக் கோட்டிலிருந்து உள்ளே 60 மீட்டர் பொதுச் சொத்து என்று 1968ஆம் ஆண்டின் 305 எண் சட்டம் சொல்கிறது. ஆறு, ஏரிக் கரையில் 30 மீட்டர் பாதுகாப்புப் பட்டை என்பது 2000ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டம். 100 மீட்டர் ஆழமுள்ள கடலோர மனையில் கட்டடம் கட்ட மிஞ்சுவது 40 மீட்டர். அதிலும் உள்ளாட்சி கேட்கும் பக்க இடைவெளி போகும். பழைய வீடுகள் சில அந்தப் பட்டைக்குள்ளேயே நிற்கின்றன. அவை இன்னும் நிற்பதாலேயே இடித்துப் புதிதாகக் கட்ட உங்களுக்கு அனுமதி கிடைத்துவிடாது.

உள்நாட்டில் நிலத்தைத் தாரெயாவில் பேசுவார்கள். ஒரு தாரெயா 628.86 சதுர மீட்டர், நம் கணக்கில் பதினைந்தரை செண்ட். ஊர்க்காரர்கள் தாரெயா விலையும், வெளிநாட்டவருக்கு விற்பவர்கள் சதுர மீட்டர் விலையும் சொல்வது வழக்கம். இரண்டையும் ஒரே அலகுக்கு மாற்றிப் பார்த்தால், அதே சாலையில் இருக்கும் இரண்டு மனைக்கு என்ன வித்தியாசம் என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஒரு தாரெயா 30,000 டாலர் என்றால் சதுர மீட்டர் 48 டாலருக்கும் சற்றுக் குறைவு.

காவலாளியை யாரும் நினைப்பதில்லை. காலி மனையில் குடிசை போட்டு ஆண்டுக்கணக்கில் இருப்பவருக்குத் தொழிலாளர் சட்டப்படி பணி முடிப்புத் தொகை சேர்ந்துகொண்டே வரும். விற்பவர் அதைக் கணக்குத் தீர்த்து எழுதி வாங்கிக் கொடுக்காவிட்டால், கேட்கும் ஆள் உங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்.

பணம் கொடுக்கும் முறைக்கும் விதி உண்டு. 2017இல் வந்த பணமோசடித் தடுப்புச் சட்டப்படி, பத்து லட்சம் பேசோவுக்கு மேற்பட்ட சொத்து வாங்கலில் ரொக்கம் கூடாது. வங்கி வழியாகவே போக வேண்டும். முதலில் விற்பனை உறுதி ஒப்பந்தம், வழக்கமாக 10 சதவீத முன்பணம். அதை விற்பவர் கையில் கொடுக்காமல் பொறுப்புக் கணக்கில், அதாவது வேலை முடியும்வரை மூன்றாமவர் ஒருவர் பிடித்துவைக்கும் கணக்கில், வைக்கலாம். பிறகு இறுதி ஒப்பந்தம் நோட்டரி முன்னால். அங்கே நோட்டரிகள் வழக்கறிஞர்கள்தான். ஆனாலும் கையெழுத்து இன்னாருடையது என்று சான்றளிப்பதே அவர்கள் வேலை. உரிமை சரியா என்று உங்களுக்காகப் பார்ப்பது வேறு ஆள். விற்பவர் தரப்பு 'எல்லாம் எங்கள் வழக்கறிஞரே பார்த்துக்கொள்வார்' என்றால் நன்றி சொல்லிவிட்டு உங்களுக்கென்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் ஆனதோடு நீங்கள் உரிமையாளர் ஆகிவிடவில்லை. வரித்துறையில் 3 சதவீதப் பெயர் மாற்ற வரி கட்டி, பதிவாளரிடம் தாக்கல் செய்து, புதுச் சான்றிதழ் வந்தால்தான் ஆவீர்கள். இடைப்பட்ட நாளில் விற்பவரின் கடன்காரர் ஒருவர் அந்தச் சொத்தின் மேல் தடை வாங்கிப் பதிந்துவிட்டால் அவர் உங்களை முந்திவிடுவார். வரி கட்ட ஆறு மாத அவகாசம் உண்டு என்பதை நம்பித் தாளை அலமாரியில் வைத்திருந்தவர்கள் இப்படித்தான் மாட்டினார்கள். வரி கணக்கிடுவது ஒப்பந்த விலை, வரித்துறை மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல். விலையைக் குறைத்து எழுதலாம் என்ற யோசனை அங்கேயும் வரும். நீங்கள் விற்கும் நாளில் லாபத்தின் மேல் 27 சதவீத வரி காத்திருக்கிறது. இன்று குறைத்து எழுதிய ஒவ்வொரு டாலரும் அன்று லாபமாகக் கணக்கில் ஏறும்.

இரண்டு லட்சம் டாலர் வீட்டுக்குச் செலவு ஏறக்குறைய இப்படி வரும்: பெயர் மாற்ற வரி 6,000, வழக்கறிஞர் கட்டணம் 1 முதல் 1.5 சதவீதம் என்றால் 2,000 முதல் 3,000, நோட்டரி, சான்றுகள், அளவையர் என்று மேலும் சில நூறு. தரகு வழக்கமாக விற்பவர் பக்கம்.

கட்டி முடியாத வீடு

புன்தா கானா, பாவாரோ பக்கம் விற்பனையில் பெரும்பங்கு வரைபடத்தில் இருக்கும் வீடுகள். ஒதுக்கீட்டுக்குச் சில ஆயிரம் டாலர், ஒப்பந்தத்தில் 10 முதல் 20 சதவீதம், கட்டும்போது தவணைகளில் 30 முதல் 40, மீதி சாவி வாங்கும்போது. தவணை எளிது என்பதால் வெளிநாட்டவரை அதிகம் இழுப்பது இதுதான்.

இங்கேயும் அடியில் அதே நிலக் கேள்வி. நீங்கள் பணம் கட்டும்போது உங்கள் வீட்டுக்கென்று சான்றிதழ் எதுவும் இல்லை; கட்டுநர் பெயரில் தாய் நிலம் ஒன்றுதான் இருக்கிறது. கட்டி முடித்து, கட்டடத்தைப் பதிந்து, அடுக்குமாடி உரிமை முறையை அளவை இயக்குநரகமும் பதிவாளரும் ஏற்ற பிறகே ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் சான்றிதழ் பிறக்கும். சாவி கையில் வந்து ஓராண்டு, அதற்கு மேலும் சான்றிதழ் வராமல் இருப்பது சாதாரணம். அதுவரை அடமானம் வைக்க முடியாது. விற்பதென்றால் ஒப்பந்தத்தைத்தான் கைமாற்றலாம், அதற்குக் கட்டுநர் கட்டணம் கேட்பார். தாய் நிலத்தின் மேல் வங்கியின் கட்டுமானக் கடன் இருந்தால், உங்கள் வீட்டின் பங்கை அடமானத்திலிருந்து விடுவிக்க வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முழுப் பணமும் கட்டிய வீடு கட்டுநரின் கடனுக்கு ஈடாகக் கிடப்பது இந்த ஒரு வரி இல்லாததால்.

இதற்கு ஓரளவு மருந்து ஃபிதெய்கொமிசோ என்ற அறக்கட்டளை ஏற்பாடு. 2011ஆம் ஆண்டின் 189-11 சட்டம் கொண்டுவந்தது. நிலமும் வாங்குபவர்களின் பணமும் கட்டுநரின் மற்றச் சொத்துகளிலிருந்து பிரிந்து, தனி நிர்வாக நிறுவனத்தின் கையில் இருக்கும். கட்டுநர் வேறு தொழிலில் நொடித்தாலும் அந்தக் கடன்காரர்கள் இதைத் தொட முடியாது. விளம்பரத்தில் அந்தச் சொல் இருப்பது மட்டும் போதாது. நிலம் உண்மையிலேயே அறக்கட்டளை பெயருக்கு மாறிவிட்டதா என்று சட்ட நிலைச் சான்றில் பாருங்கள். பணத்தை அறக்கட்டளைக் கணக்குக்கே அனுப்புங்கள். 'இந்தத் தவணையை மட்டும் கம்பெனிக் கணக்கில் போடுங்கள்' என்று மின்னஞ்சல் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஒப்பந்தத்தில் பரப்பளவு எப்படிச் சொல்லியிருக்கிறது என்பதையும் வாசிக்க வேண்டும். 85 சதுர மீட்டரில் பால்கனி, சுவர்க் கனம், சில இடங்களில் நடைபாதைப் பங்கும் சேர்ந்திருக்கும். சமையல் அடுப்பு, குளிர்பதனப் பெட்டி விலையில் சேருமா, ஏசிக்குக் குழாய் மட்டும் போட்டுக் கொடுப்பார்களா, மின்மாற்றி இணைப்புக் கட்டணம் யாருடையது என்று ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் இருக்கும். மூன்றும் சேர்ந்தால் பல ஆயிரம் டாலர்.

சுற்றுலாத் திட்டங்களுக்குக் கொன்ஃபோதூர் சலுகை பெரிய கவர்ச்சி. 2001ஆம் ஆண்டின் 158-01 சட்டப்படி அங்கீகாரம் பெற்ற திட்டத்தில் முதலில் வாங்குபவருக்குப் பெயர் மாற்ற வரி இல்லை, 15 ஆண்டுக்கு ஆண்டுச் சொத்து வரியும் இல்லை. அங்கீகாரம் தற்காலிகம், இறுதி என்று இரு நிலையில் வரும். இறுதித் தீர்மானத்தின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதே வீட்டை இரண்டாவதாக வாங்குபவருக்கு 3 சதவீதம் உண்டு என்பதை விற்பனையாளர்கள் சொல்ல மறந்துவிடுவார்கள்.

சலுகை இல்லாத வீட்டுக்கு ஆண்டுச் சொத்து வரி 1 சதவீதம். ஒருவர் பெயரில் உள்ள எல்லாச் சொத்தின் கூட்டு மதிப்பில், பணவீக்கத்தோடு ஆண்டுதோறும் ஏறும் ஒரு வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும். 2025இல் அந்த வரம்பு ஒரு கோடி பேசோவைச் சற்றே தாண்டியது. ஆகவே இரண்டு கோடி பேசோ சொத்துக்கு வரி ஒரு லட்சம் பேசோவுக்குள். மார்ச் 11, செப்டம்பர் 11 என்று இரு தவணை. இதைவிட அதிகம் கடிப்பது குடியிருப்புப் பராமரிப்புக் கட்டணம். நீச்சல்குளம், மின்தூக்கி, காவல் எல்லாம் உள்ள வளாகத்தில் சதுர மீட்டருக்கு மாதம் 2 டாலருக்கு மேல் போவது சாதாரணம். பழைய வீடு வாங்கும்போது பாக்கி இல்லை என்று நிர்வாகத்தின் கடிதம் இல்லாமல் கையெழுத்திட வேண்டாம். பாக்கி வீட்டோடுதான் வரும்.

உப்பு, காற்று, மின்சாரம்

புயல் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை. 1979இல் டேவிட், 1998இல் ஜார்ஜஸ், 2022 செப்டம்பரில் ஃபியோனா; கடைசியது கரை ஏறியதே கிழக்கு முனையில். காப்பீட்டில் புயலுக்கும் நிலநடுக்கத்துக்கும் தனியாகக் கழிவு உண்டு, பெரும்பாலும் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம். மூன்று லட்சம் டாலருக்குக் காப்பீடு என்றால் சேதத்தில் முதல் 6,000 உங்களுடையது. பிரீமியத்தைக் குறைக்க வீட்டின் மதிப்பைப் பாதியாகச் சொன்னால் பகுதிச் சேதத்துக்கும் பாதிதான் வரும். அடுக்குமாடியில் பொதுக் காப்பீடு சுவரையும் கூரையையும் காக்கும். உள்ளே இருப்பதற்குத் தனியாக எடுக்க வேண்டும்.

நிலநடுக்கத்தை இந்தப் பக்கம் வாங்குபவர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. 1946 ஆகஸ்டு 4 அன்று வடகிழக்குக் கரையோரம் எட்டை ஒட்டிய ரிக்டர் அளவில் நடுங்கி, ஆழிப்பேரலை வந்து நாகுவா அருகே மாதான்சித்தாஸ் என்ற ஊரையே அழித்தது. லாஸ் தெரேனாஸ் அதே கரையில்தான் இருக்கிறது. நிலநடுக்கத்துக்கான இன்றைய கட்டட விதி 2011இல் வந்தது. பழைய வீடு பார்க்கும்போது கட்டிய ஆண்டைக் கேட்பதற்கு அது ஒரு காரணம்.

சர்காசம் என்னும் பழுப்புக் கடற்பாசி 2011 முதல் பெருமளவில் ஒதுங்குகிறது. காற்றை எதிர்கொண்டிருக்கும் கிழக்குக் கரைகளுக்கு அடி அதிகம். வடக்கே சோசுவா, கபரேத்தே பக்கம் குறைவு. வெயில் காலத்தில் போய் ஒரு வாரம் அந்தக் கடற்கரையிலேயே இருந்து பார்ப்பது எந்த வாடகைக் கணிப்பு அட்டவணையையும்விட மேல். டிசம்பரில் எடுத்த புகைப்படத்தில் மணல் வெள்ளையாகவே இருக்கும்.

நாட்டின் பொது மின்வலையில் வெட்டு சகஜம். இன்வெர்ட்டரும் பேட்டரியும் வீட்டின் பாகம் போலவே வைத்திருப்பார்கள். புன்தா கானாவிலும் லாஸ் தெரேனாசிலும் தனியார் நிறுவனங்கள் மின்சாரம் தருகின்றன. வெட்டு குறைவு, ரசீது கனம். ஒரு கோடை மாத ரசீதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கிழக்கே அடிநிலம் சுண்ணாம்புப் பாறை. கழிவு எளிதாக ஊற்றுக்குள் இறங்கும், கிணற்றில் உப்பும் ஏறும். வளாகத்துக்குச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதா, ஓடுகிறதா, சம்ப் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பவை நேரில் போனால் மட்டுமே பதில் கிடைக்கும் கேள்விகள்.

இந்தியாவிலிருந்து வாங்குபவர்களுக்கு

இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி தரும் வரம்பு நிதியாண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர். வீடு வாங்கவும் இதைப் பயன்படுத்தலாம். குடும்பத்தார் கூட்டாக வாங்கினால் ஒவ்வொருவர் வரம்பும் சேரும். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகையில் வங்கி 20 சதவீதத்தை முன்வரியாகப் பிடிக்கும். வருமான வரியில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றாலும் அத்தனை பணம் அதுவரை முடங்கும். சொத்தை ஆண்டுதோறும் கணக்குத் தாக்கலில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் பத்து லட்சம் ரூபாய் அபராதம் வரலாம்.

நேரில் போக முடியாதவர்கள் அங்குள்ள வழக்கறிஞருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்து முடிப்பார்கள். ஒரு நாட்டு ஆவணத்தை மற்ற நாடு ஏற்க ஒரே சான்று போதும் என்னும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியாவும் டொமினிக்கன் குடியரசும் இருப்பதால் தூதரகத்துக்கு அலைய வேண்டியதில்லை. நோட்டரி முன் கையெழுத்து, மாநில அரசின் சான்று, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில். அங்கே போனதும் நீதிமன்ற அங்கீகாரமுள்ள மொழிபெயர்ப்பாளர் ஸ்பானிஷில் பெயர்த்துத் தருவார். பத்திரத்தில் நிலத்தின் 12 இலக்க எண், அதிகபட்ச விலை, பணம் போக வேண்டிய கணக்கு, அதிகாரம் முடியும் தேதி ஆகிய நான்கையும் எழுதுங்கள். அச்சிட்டு வைத்திருக்கும் படிவத்தில் 'வாங்க, விற்க, அடமானம் வைக்க' என்று மூன்றும் சேர்ந்தே இருக்கும். பின்னிரண்டையும் அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.